திமிங்கலத்துக்கு வேண்டிக்கொண்ட முடி

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் முழுதாகக் காயவில்லை. எழுதக் குனியும்போதெல்லாம் அதன் வாசனை மூக்கில் ஏறுகிறது. சிரிக்காதேடி. எல்லாம் உன்னால்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் திருத்தணியிலேயே தையல் கடை போட்டேன். நீ அரபிக் கடலில் படகேறித் திமிங்கலங்களைத் தேடப் போனாய். லீவுக்கு வந்தால் என் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து அதே பேச்சுத்தான்.

"மத்த கடல் திமிங்கலமெல்லாம் வருஷா வருஷம் ஊரு உட்டு ஊரு போவும்டி. இதுங்க எங்கியும் போவாதுங்க, உன்ன மாதிரி. வேற கூட்டத்தோடவும் சேராதுங்க. இருக்கறதே கொஞ்சம். இதுங்க போச்சுன்னா அவ்ளோதான்."

வால் ஓரம் கிழிந்த ஒருத்தி மேல் உனக்குத் தனிப் பிரியம். வலையில் சிக்கித் தப்பியவள். இனி அவள் குட்டி போடுவாளா என்பதே உன் கவலை. ஓர் ஆடிக் கிருத்திகையன்று மலையிறங்கி நேராகக் கடைக்கு வந்தாய்.

"அவள குட்டியோட பாத்தா மொட்டை போடறதா முருகன்கிட்ட வேண்டிகினேன். உன் முடிய."

"அடிப்பாவி! என் முடிய வேண்டிக்க நீ யாருடி?" கத்தரிக்கோலோடு எழுந்தேவிட்டேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி, ஊரே கண்வைத்த முடி!

"சாமிக்கு நல்லதாத்தானே குடுக்கணும்? உப்புத் தண்ணில என்னுது நாரா பூட்ச்சு, பாரு."

ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை. கிளம்பும் அன்று என் ஜடையைத் தூக்கிப் பார்த்து, "பத்திரமா வச்சிக்கோ, சாமி சொத்து" என்றுவிட்டு ரயிலேறினாய்.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். வேண்டுதலும் உன்னோடு போயிற்று என்றே நினைத்தேன்.

போன வாரம், உன்னோடு படகில் வேலை பார்த்த பெண் ஒரு வீடியோ அனுப்பினாள். அதே கிழிந்த வால். பக்கத்திலேயே ஒரு சின்ன முதுகு எழும்பி, புஸ்ஸென்று மூச்சுவிட்டது. பிளவுஸ் வாங்க வந்தவர்கள் முன்னால் குதித்தேன், அழுதேன்.

இன்று காலை மலைமேல் முடி எடுப்பவர் தயங்கித் தயங்கியே கத்தி வைத்தார்.

"இவ்ளோ முடியாம்மா? இன்னா வேண்டுதல், கொயந்தைக்கா?"

"ஆங், கொயந்தைக்குத்தாங்க. பொறந்தப்பவே ஆட்டோவவிட நீளங்க."

கத்தி பாதித் தலையில் நின்றது. முழுக்கதையும் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கட்டும், முருகா" என்று மீதியையும் வழித்தார்.

இனி நான் சீப்பு தேட எத்தனையோ மாதம் ஆகும். அதற்குள் குட்டி தாய்ப்பால் மறந்திருக்கும். தலையைத் தடவும்போதெல்லாம் அது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

முடி மறுபடி இடுப்புக்கு வரட்டும்டி. அடுத்த குட்டிக்கு நானே வேண்டிக்கொள்கிறேன்.