எடுத்துக் கொடுத்த வசனம்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். புது வேலை உங்களுக்குப் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. அங்கே வீடு பார்த்து முடித்துவிட்டீர்கள், மாதக் கடைசிக்குள் நான் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது ஒன்று. உங்கள் நாடகத்தைக் கெடுத்தது யார் என்பது இன்னொன்று.

கெடுத்தது நான்தான்.

முதல் ஆட்டத்துக்கு நல்ல கூட்டம். சோற்றைக் கருகவிடுவது, அதற்கு அழுவது, அழுதுகொண்டே அம்மா வீட்டுக்குக் கிளம்புவது என்று கதாநாயகி முழுக்க நானாகவே இருந்தாள். முன்வரிசையில் இருந்த என் சித்தி, "இது அப்படியே நம்ம பொண்ணுதான்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் எழுதிவிட்டீர்களே, மகராசனாக இருங்கள்.

மேடை ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. கணவனாக நடிக்கும் தபால்காரர் வழக்கம்போல ஒரு வரிகூடப் பாடம் பண்ணவில்லை. நான் முணுமுணுப்பதை அவர் முழங்குவார். மூன்றாம் காட்சியில் அவர் மனைவிக்குச் சொல்லும் அறிவுரை போய்க்கொண்டே இருந்தது. கூட்டம் கொட்டாவி விட்டது. எனக்கும் அலுத்துப்போய், "இவ்வளவு பேசுறாரே, அவ என்ன நினைக்கிறான்னு ஒரு வார்த்தை கேட்டாரா?" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பாவி மனுஷன், அதையும் கையை உயர்த்தி அப்படியே முழங்கிவிட்டார்.

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. மனைவியாக நடித்த தையல்கார அக்கா மட்டும் சிரிக்காமல், "கேக்கலியே" என்றாள். உங்கள் எழுத்தில் இல்லாத வசனம். தபால்காரர் திருதிருவென்று விழித்து என் பக்கம் திரும்பினார். "சரி, இப்பக் கேக்குறேன். உனக்கு என்ன தோணுது?" என்று எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் அக்கா பேசினாள் பாருங்கள், கைதட்டல் ஓயவே இல்லை. இனி எல்லா ஆட்டமும் இப்படித்தான் என்று நாடகக் குழு மானேஜர் சொல்லிவிட்டார். அறிவுரையைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறீர்கள். அதை வீட்டில் நான் நிறையவே கேட்டாயிற்று.

இனி வீட்டு விஷயம். நான் சாமான் எதையும் கட்டவில்லை. அம்மா வீட்டுக்கும் போகவில்லை, பயப்படாதீர்கள். பள்ளிக்கூடத்தில் என் வேலையை நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் புறப்பட்டு வா என்று உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கு அழுதேன். சோறு கருகியதற்கு அழுத அழுகை இல்லை இது.

நீங்கள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த விடுமுறைக்கு வாருங்கள். நாடகம் பார்க்காவிட்டாலும் போகிறது. என் எதிரில் உட்கார்ந்து, வருகிறாயா என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டால், வருகிறேன் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்களைப் பார்க்கக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி