வேப்பெண்ணெய்த் துணி

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் எழுதுகிறேன். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? குட்டிப்பையன் சாப்பிடப் படுத்துகிறானா? நான் சௌக்கியம். தூக்கம் வராதவர்களுக்கு லாவெண்டர், தலைபாரத்துக்கு யூகலிப்டஸ் என்று நாளெல்லாம் வாசனை எண்ணெய் தேய்த்துவிடுகிறவளுக்கு என்ன குறை?

நேற்று ஒரு வேடிக்கை. எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்தவர் போனதும் அறையிலிருந்து வெளியே வரப் பார்த்தேன். கதவுப்பிடி உருண்டை, என் கையெல்லாம் எண்ணெய். திருகத் திருக வழுக்குகிறது. துண்டுகள் சலவைக்குப் போய்விட்டன. சீருடையோ வழவழத் துணி, துடைத்தாலும் எண்ணெயை வாங்காது. அறைக்கு ஜன்னலும் கிடையாது. தட்டித் தட்டி ஓய்ந்த பிறகு முதலாளியம்மா வந்து திறந்தார்.

"கதவைத் திறக்கக்கூட உனக்கு ஆள் வேணுமா?" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். நல்ல நேரம் பார்த்து பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

"பத்திரமா என்கிட்டதானே இருக்கு, உனக்கெதுக்கு இப்போ?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆகவே, அம்மா இந்த வருடம் வருவாள் என்று குட்டிப்பையனிடம் சொல்லிவைக்காதீர்கள்.

ஒரு சின்ன உதவி. கை துடைக்க உங்கள் பழைய சேலைத்துணி ஒன்று அனுப்புங்கள். முழங்காலில் வேப்பெண்ணெய் தேய்த்துத் துடைப்பீர்களே, அதுவேதான். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேனே, அதே துணி. எண்ணெய்த் துணியால் எப்படிக் கை துடைப்பாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த ஆள் வந்தாயிற்று, கூப்பிடுகிறார்கள். அத்தை, துவைத்துவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்