மூன்றாம் தரம் இறைக்க விடமாட்டேன்

2005 பெப்ரவரி 11

மூக்கி, இன்றைக்கு உனக்குப் புத்தகப் பை வந்தது.

நீலப் பை. உள்ளே நாலு கொப்பி, பென்சில், அடிமட்டம், ஒரு தண்ணிப் போத்தல். போன டிசம்பர் கடைசியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முந்திய பதிவை வைத்துத்தான் நிவாரணப் பட்டியல் எழுதினார்களாம். "றவூப் றிஃப்னா, ஆண்டு நாலு" என்று கூப்பிட்டார்கள். வரிசையில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பிப் போய் வாங்கினேன்.

பின்னால் ஒருத்தி சொன்னாள். "புள்ள மவுத்தாப் போச்சு. பை வாங்கப் போறா."

வாங்குவேன். உன் பேரில் வந்ததை வேறு யாருக்கு விடுவேன்?

முதல் கொப்பியில் உன் பேரை எழுதினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைத்தால் நீதான் சிரிப்பாய். இனி யார் சிரிப்பது.

பெப்ரவரி 13

கொப்பி இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன நாள் எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு பையோடு புத்தளம் போனோம். நீ பிறந்தது அங்கே, முகாமில். அந்தத் தண்ணி உவர். கைப்பிள்ளையிலேயே நீ கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய் மணந்து பார்த்து முகத்தைத் திருப்புவாய். வாப்பா அதற்குத்தான் மூக்கி என்று பேர் வைத்தார்.

இரண்டாயிரத்து மூன்றில் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தோம். வீட்டுக்கு ஒரு சுவர்தான் மிச்சம். கிணறு மட்டும் அப்படியே இருந்தது. பதின்மூன்று வருசமும் பக்கத்துக் காணிச் சிவலட்சுமி தகரம் போட்டு மூடி வைத்திருந்தாள். யாரும் கேட்காமல் செய்தாள். முதல் வாளி அள்ளி உனக்குத் தந்தேன். மணந்தாய். குடித்தாய்.

"உம்மா, இதுக்குப் பேரென்ன?"

"தண்ணி."

"அப்ப இவ்வளவு நாளும் குடிச்சது?"

வாப்பாவுக்குச் சிரித்துப் புரைக்கேறியது. நான் சுவருக்குப் பின்னால் போய் அழுதேன்.

உன்னைக் கண்டெடுத்த நாளில் குளிப்பாட்ட ஒரு வாளி நல்ல தண்ணி கிடைக்கவில்லை. ஊர்க் கிணறு எல்லாம் கடலாய்க் கிடந்தது. ஒருநாள் பொறுக்கவும் நேரமில்லை. குளிப்புக்குப் பதிலாக மண்ணில் கை தட்டித் தயம்மும் செய்து அடக்கினார்கள். பள்ளி லெப்பை சொன்னார், "வெள்ளத்தில மவுத்தான புள்ள ஷஹீது தங்கச்சி, நேர சொர்க்கந்தான், குறையொண்டும் இல்ல." ஓம். அவர் படித்தவர், தெரிந்திருக்கும்.

எனக்கு அந்த ஒரு வாளித் தண்ணி வேணும்.

பெப்ரவரி 24

முகாமிலிருந்து சிவலட்சுமியோடு நடந்து காணிக்குப் போனேன். ஒன்றரை மணித்தியாலம். அவளுக்குப் புருசன் போனது கடலோடு.

கிணற்றுக்குள் ஒரு கதிரை, வலைத்துண்டு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அள்ளி நாக்கில் வைத்தேன். துப்பினேன்.

மார்ச் 9

நிவாரண அமைப்பு ஒன்று மிசினோடு வந்து கிணறு இறைத்தது. மஞ்சள் தொப்பி போட்ட ஐயாதான் பெரியவர். உப்பு அளக்கிற கருவி ஒன்று வைத்திருக்கிறார், பேனை மாதிரி. இறைத்து மருந்து போட்டார்கள். உப்புக் கொஞ்சம் இறங்கினதாகக் காட்டியது.

நான்தான் கெஞ்சினேன். "இன்னொரு தரம் வந்து நல்லா இறைச்சு விடுங்க ஐயா. அடி தெரியும் மட்டும்." தேத்தண்ணி வேறு வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 23

அடிமட்டும் இறைத்தார்கள். காலையிலிருந்து பின்னேரம் அசர்த் தொழுகை வரை. மணல் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்று சந்தோசப்பட்டேன்.

மார்ச் 24

முந்தியதை விட உப்பு. கிணற்றின் தெற்குப் பக்கச் சுவர்க் கட்டும் வெடித்துவிட்டது.

சிவலட்சுமி கத்தினாள். "பாத்தும்மாக்கா, நீங்களுமே? எங்கட மணலில நல்ல தண்ணி மேல கிடக்கும், உப்புத் தண்ணி கீழ கிடக்கும். மேல கிடந்த கொஞ்சத்தையும் இறைச்சுக் கடலுக்கே ஊத்தினா, கீழ கிடக்கிறது சும்மா இருக்குமே? அது ஏறி வந்திட்டுது!"

எனக்குத் தெரியாததா? மாமி உயிரோடு இருந்த காலம் முழுக்கச் சொன்னது இதுதான். வாளியைத் தாழ விடாதே, பாலில் ஆடை எடுக்கிற மாதிரி அள்ளு. இருபது வீடு அள்ளினாலும் மேலாக அள்ளினால் தாங்கும். தெரிந்துகொண்டே கெடுத்தேன். அவசரம். உனக்காக என்று அவசரப்பட்டு உன் கிணற்றைக் கெடுத்தேன் மூக்கி.

ஏப்ரல் 4

கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார் ஐயாத்துரை முகாமுக்கு வந்தார். நல்ல மனுசன், ஆனால் கையில் எப்போதும் ஒரு கடதாசி.

"பிள்ளை, உன்ர காணி கடலில இருந்து வீடு கட்டக் கூடாத அளவுக்குள்ள வருது. அங்க கட்ட விடமாட்டினம். மூண்டு தரம் இறைச்சும் உவர் எண்டால் கிணத்தையும் மூடச் சொல்லிக் கிடக்கு. காட்டுப்பக்கம் காணி தருவினம், வீடும் தருவினம். பழைய காணியை விட்டுக் குடுத்தன் எண்டு இதில கையெழுத்து வை."

"மூண்டாந்தரம் எப்ப இறைக்கிறாங்க?"

"வாற புதன்."

"அப்ப புதன் பாப்பம்."

"கையெழுத்து?"

"அதுவும் புதனே பாப்பம்."

இரவு உன் வாப்பா கேட்டார், ஏன் வைக்கவில்லை என்று. நான் சொன்னேன், "வச்சா மூடிருவாங்க." அவர் வேறு பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஏப்ரல் 6, புதன்

விடிய முந்தி நடந்து போய்க் கிணற்றுக் கட்டின் மேல் ஏறி இருந்தேன். பயமாகத்தான் இருந்தது. மிசின் வந்தது. தொப்பி ஐயா இறங்கினார்.

"அம்மா, இறங்குங்கோ."

"இறங்க மாட்டன். மூண்டாந்தரம் இறைக்க விடமாட்டன்."

"போன மாதம் நீங்கள்தானே இறைக்கச் சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னன். பிழை. பிழை விட்டவ நான்தான் இங்க இருக்கிறன். மழை வரட்டும் ஐயா. மழைத்தண்ணிதான் உப்பை அமத்தும். உங்கட மிசின் உப்பை இழுக்குது."

"அம்மா, இதெல்லாம் படிச்ச ஆக்கள் யோசிச்சுச் செய்யிற வேலை."

அப்போது வேலிப் பக்கமாகச் சிவலட்சுமி வந்தாள். பின்னால் ஆறு ஏழு பெண்கள். இந்தக் கிணற்றில் அள்ளின வீடுகள். வந்து ஒவ்வொருத்தியாகக் கட்டின் மேல் ஏறி இருந்தார்கள். வெடித்த பக்கத்தில் மட்டும் யாரும் இருக்கவில்லை.

மிசின் சும்மா நின்று இருமிக்கொண்டிருந்தது. சிவலட்சுமி சொன்னாள், "ஐயா, அதுக்குச் சளி பிடிச்சிருக்கு. கொண்டு போய் ஆசுப்பத்திரியில காட்டுங்கோ." மிசின்காரனே சிரித்துவிட்டான்.

தொப்பி ஐயா கடதாசியில் எழுதினார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "பயனாளி ஒத்துழைக்கவில்லை."

"நான் ஒத்துழைக்கிறன் ஐயா. மழை வரும்வரை விட்டு வைக்கிறதெண்டு எழுதுங்க. மாரி முடிய வந்து உங்கட பேனையை விட்டு அளங்க. அப்பவும் உப்பெண்டா நானே மண் போட்டு மூடுறன்."

யோசித்தார். பிறகு எழுதினார். எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துத்தான் கட்டை விட்டு இறங்கினேன். அதுவரை மூடவும் முடியாது, என் கையெழுத்துக் கேட்கவும் முடியாது என்று பின்னேரம் முகாமில் விதானையாரே சொல்லிவிட்டார்.

மே 15

வாப்பா புத்தளம் போகிறார்.

"அங்க எண்டாலும் ஒரு அறை இருக்கு. உவர்த் தண்ணியெண்டாலும் குடிச்சுப் பழகினது. இங்க என்ன கிடக்கு?"

"புள்ள கிடக்கிறா."

"பாத்து, உனக்கு நான் வேணுமா கிணறு வேணுமா?"

"கிணறு எங்கயும் போகல்ல. நீங்கதான் போறீங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன். ஒருதரம் மற்றவன் போகச் சொன்னான், போனோம். இப்போது ஒருத்தனும் சொல்லாமலே எதற்குப் போக வேணும்? கேட்டேன். சைக்கிளைச் சிவலட்சுமியின் கூடாரத்தில் விட்டுவிட்டு வவுனியா பஸ் ஏறினார். சைக்கிளை விட்டுப் போனால் திரும்பி வருவார் என்றுதானே அர்த்தம்?

யூன் 3

நானும் சிவலட்சுமியும் கிணற்றுக்குள் இறங்கிச் சேற்றைக் கையால் அள்ளினோம். தண்ணியை அள்ளவில்லை. சேறு மட்டும். வெடித்த இடத்தைப் பூசினோம்.

யூன் 20

காணியைச் சுற்றி வரம்பு கட்டுகிறோம், முழங்கால் உயரம். வயல்காரர் செய்கிற மாதிரி. விழுகிற மழை ஒரு துளியும் கடலுக்கு ஓடக் கூடாது, இந்த மணலுக்குள் இறங்க வேணும். றோட்டால் போன ஒருவர் கேட்டார், "மணலில என்ன நெல்லே விதைக்கப் போறியள்?" சிவலட்சுமி சொன்னாள், "ஓமண்ணை, சம்பா. புட்டுக்கு மா இடிக்க வாங்கோ."

யூலை 2

உவர்.

ஓகஸ்ட் 19

உவர். தண்ணியும் வற்றிக்கொண்டு போகிறது. இன்று சிவலட்சுமி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

செப்ரெம்பர் 7

விதானையார் கேட்டார், காட்டுப்பக்கம் வீடு கட்டத் தொடங்கிவிட்டார்கள், பேர் சேர்க்கவா என்று. எட்டுக் குடும்பம் கையெழுத்து வைத்துவிட்டதாம். வைக்கட்டும். பிள்ளைகள் உள்ள வீடுகள், கூடாரத்தில் எவ்வளவு காலம் கிடப்பது. அவர்களில் எனக்குக் கோபம் இல்லை.

நான் வைக்கவில்லை.

ஒக்டோபர் 14

நோன்பு. தாகத்தோடு நடந்து போய் உவர்க் கிணற்றைப் பார்க்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது. பைத்தியம் என்று முகாமில் கதை. இருக்கட்டும்.

ஒக்டோபர் 27

மழை! மூக்கி, மழை. கிணற்றடியில் நோன்பு திறக்கிற நேரத்தில். பேரீச்சம்பழம் வாயில் இருக்க எழும்பி வரம்புக்கு ஓடினேன். சிவலட்சுமி எனக்கு முந்தி ஓடுகிறாள். மற்றக் காணிகளில் தண்ணி கடலுக்கு ஓடுகிறது. எங்கள் காணியில் குளம் மாதிரி நிற்கிறது. ஒரு இடத்தில் வரம்பு உடைந்தது. அவள் அதில் போய்க் குந்திக்கொண்டாள். மண் கொண்டு வந்து போடும் மட்டும் அப்படியே அடைத்துக்கொண்டு இருந்தாள். "கெதியா வாங்கோ, நான் கரையப் போறன்!"

நவம்பர் 12

வரம்புத் தண்ணி நாலு தரம் நிரம்பி நாலு தரமும் மணலுக்குள் இறங்கிவிட்டது. கிணறு ஒரு முழம் ஏறியிருக்கிறது. மேலாக அள்ளி வைத்துப் பார்த்தேன். உவர்தான். ஆனால் துப்பவில்லை.

டிசம்பர் 9

பருப்புப் போட்டோம். உவர்த் தண்ணியில் பருப்பு அவியாது, எத்தனை விறகு வைத்தாலும் கல்லாய்க் கிடக்கும். சிவலட்சுமி அகப்பையால் எடுத்து நசித்துப் பார்த்தாள். என் கையில் வைத்தாள்.

அவிந்திருந்தது.

டிசம்பர் 26

இன்றைக்கு எழுதமாட்டேன்.

2006 ஜனவரி 5

தொப்பி ஐயா சொன்ன சொல்லுக்கு வந்தார். விதானையாரும் வந்தார். பேனைக் கருவியைத் தண்ணிக்குள் விட்டார். கண்ணாடியைத் துடைத்தார். திரும்ப விட்டார். பிறகு கையால் அள்ளிக் குடித்தார்.

"அம்மா, இந்தக் கரையிலேயே இது ஒண்டுதான் குடிக்கலாம். என்னண்டு செய்தனீங்கள்?"

"சும்மா இருந்தம் ஐயா."

"சும்மாவோ!" என்றாள் சிவலட்சுமி. "என்ர இடுப்பைக் கேளுங்கோ."

மற்றக் கிணறுகளையும் இனி இறைக்க வேண்டாம் என்று அவர் கடதாசியில் எழுதினார். அதையும் வாசித்துப் பார்த்தேன். விதானையார் பழைய கையெழுத்துக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கரை அளவைக் குறைக்கப் போகிறார்களாம், இந்தக் காணிக்கும் வீடு எழுதலாம் போல இருக்கிறதாம். "உறுதியில்லை பிள்ளை." உறுதி கேட்டு நான் எப்போது இருந்தேன்?

ஜனவரி 13

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் வாப்பா வந்து இறங்கினார். மெலிந்து போயிருந்தார். நேரே கிணற்றடிக்கு வந்து கப்பியில் கயிற்றைப் போட்டார்.

"தாழ விடாதீங்க," என்றேன். "மேலால அள்ளுங்க."

குடித்துவிட்டு மிச்சத்தில் முகத்தைக் கழுவினார். பிறகு சொன்னார், "பாத்து, திரும்பச் சண்டை வருமெண்டு றோட்டில எல்லாம் கதை. வந்தா என்ன செய்வாய்?"

"தகரம் போட்டு மூடிட்டுப் போவம். திரும்பி வந்து திறப்பம். இது மூடித் திறந்து பழகின கிணறு."

சிவலட்சுமி வேலிக்கு அங்கால் நின்று சத்தம் போட்டாள். "தகரம் என்னட்டக் கிடக்கு!"

ஜனவரி 15

கிணற்றடியில் காலையில் பதினொரு குடம் வரிசை. காட்டுப்பக்கம் போன வீடுகளிலிருந்தும் சைக்கிளில் தண்ணிக் கான் கட்டிக்கொண்டு வருகிறார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மேலாக அள்ளச் சொல்லி ஒவ்வொருத்தருக்கும் காட்டினேன்.

முதல் வாளியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. வாப்பா சைக்கிளை உருட்ட, நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. உன் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மெல்ல ஊற்றினேன். மண் குடித்துக்கொண்டே போனது. கடைசியில் உன் பையில் வந்த போத்தலில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, மூடியைத் திறந்து, உன் பக்கத்தில் வைத்தேன்.

மணந்து பார் மூக்கி. இதுக்குப் பேரென்ன?