மூன்று முறை அளந்த குழாய்

இன்று காலை கடைத்தெருவில் மாம்பழக் கூடைகளைத் தாண்டும்போது கார்பைடு நெடி அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் நின்றுவிட்டேன். நம் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் குடியிருப்பில் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய, கார்பைடில் எரியும் உன் அப்பாவின் சுரங்க விளக்கின் நெடி அது. என்ன வேண்டும் என்று கடைக்காரர் மராத்தியில் கேட்டார். நான் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ தங்கச் சுரங்கத்தில் இறங்கினாய். நான் பம்பாய்க்கு ரயிலேறி, ஓர் அணு ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். விடுமுறையில் வந்தால் ஊரார், "அணுகுண்டு செய்றியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதற்கு மேல் கேட்டவன் நீ ஒருவன்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம். ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, எதையோ முழுங்கின மாதிரி கீற?" என்றாய்.

சொன்னேன். அணு உலையில் எரிபொருளைப் பொதிந்து வைக்கும் சிர்கோனிய உலோகக் கலவைக் குழாய்கள்தான் என் வேலை. உலைக்குள் நியூட்ரான்கள் ஓயாமல் மோதி, உலோகத்தின் அணுக்களை இருந்த இடத்தைவிட்டுத் தள்ளுகின்றன. குழாய் கெட்டிப்படுகிறது. வெளியே எடுத்து இழுத்துப் பார்த்தால் முன்போல நீண்டு கொடுக்காமல் சட்டென்று முறிகிறது. ஆனால் உலைக்குள்ளேயே, யாரும் இழுக்காமல், ஒரு குழாய் மயிரிழை அளவு நீண்டிருந்தது.

"அடி வாங்கினா நசுங்கணும். இது வளருதா?"

"நகர்ந்த அணுவெல்லாம் ஒரே பக்கமா போய் அடுக்கிக்குது. அந்தப் பக்கம் நீளுது."

நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "ஷிஃப்ட் முடிஞ்சி, மேல ஏத்துற கேஜ்ல நெருக்கிக்கினு நிக்கிறப்ப ஒருத்தன் முட்டினா, மொத்த வரிசையும் கதவுப் பக்கமா நகருமே, அப்படியா?"

எங்கள் கூடத்தில் யாரும் அவ்வளவு எளிதாக அதைச் சொன்னதில்லை.

மேலதிகாரி நம்பவில்லை என்பதையும் சொன்னேன். "அளக்கும்போது உன் கை நடுங்கியிருக்கும், மாற்றமில்லை என்று எழுதிக் கொடு" என்றார். எழுதிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"எத்தினி தடவ அளந்த?"

"மூணு."

"மூணும் ஒண்ணா வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்குப் பயப்படற? அளந்தத எழுது."

நீயும் அளக்கிறவன்தான். பூமிக்கடியில், எதிரெதிர்ப் பாறைச் சுவர்களில் அடித்த இரண்டு முளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பார்த்து எழுதுவது உன் வேலை. தூரம் குறைந்தால் பாறை நெருங்குகிறது என்று பொருள். நெருங்கும் பாறை எந்நேரமும் வெடித்துச் சரியலாம் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

திரும்பிப் போய், அளந்ததை எழுதிக் கொடுத்தேன். சில மாதம் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு இரண்டாவது குழாயும் நீண்டிருந்தது. மேலதிகாரி என் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அன்றே உனக்கு ஒரு கார்டு எழுதினேன்: "குழாய் நீண்டது நிஜம். ஒத்துக்கொண்டார்கள்."

அந்த வாரம்தான் உன் முளைகளுக்கு இடையே தூரம் குறைந்திருந்தது. ஆட்களை மேலே ஏற்றச் சொன்னாய். "ஒரே ஒரு அளவ வச்சிக்கினு வேலைய நிறுத்தச் சொல்றியா?" என்று மேஸ்திரி தயங்கினாராம். "நீங்க ஆளுங்கள ஏத்துங்க. நான் இன்னொரு தடவ அளந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே நடந்தாயாம். கேஜ் மேலே போய்ச் சேருவதற்குள் பாறை வெடித்துச் சரிந்தது. அன்று மேலே ஏறியவர்களில் ஒருவர் இதை என்னிடம் சொன்னபோது, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூன்று முறை அளந்தது மூன்றடிக் கனமான கண்ணாடிக்குப் பின்னால் நின்று. குழாயிலிருந்து வரும் கதிர்வீச்சு என் விரலைக்கூடத் தொடவில்லை. உனக்கு முன்னால் எந்தக் கண்ணாடியும் இல்லை.

தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. உன் மனைவி மேரி என் கார்டைக் கொண்டுவந்து காட்டினாள். "அவரு போன மறுநாள்தாண்ணா வந்துச்சு. ரெண்டு மூணு தபா படிச்சேன். எனக்கு ஒண்ணும் புரியல. அவரு இருந்தா புரிஞ்சிருக்கும்." அவளுக்கு விளக்கிச் சொல்ல முயன்றேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, அளந்த எண்ணை யாருக்காகவும் நான் மாற்றியதில்லை. அதற்காகச் சில சண்டைகள் வந்தன; சில நண்பர்கள் போனார்கள். குழாய் ஏன் நீள்கிறது என்பதற்குப் பின்னாளில் இன்னும் தெளிவான விளக்கங்கள் வந்தன. படித்து முடித்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். இந்த வயதிலும், புதிதாக ஏதாவது புரிந்துவிட்டால், அப்படித்தான் தோன்றுகிறது.