எலினோருக்கு வந்த கேக்

பர்பேங்க், கலிஃபோர்னியா
செப்டம்பர் 19, 1987

அன்பு மகள் மில்லிக்கு அப்பா எழுதுவது.

உன் அம்மா நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த வரியைப் படித்துப் பதறிப்போவாய். அம்மாவைக் கொல்லப் போகிறார்கள். டிவி தொடரில்தான். வருகிற வெள்ளிக்கிழமையோடு அவள் நடிக்கும் எலினோரின் கதை முடிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் சமையலறையில் இருக்கிறது, அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். அதோடு, நான் கூப்பிட்டால் எடுப்பது உன் கணவன். "மில்லி இப்பதான் வெளிய போனா மாமா" என்கிறான். அலாஸ்கா குளிரில் ஒரு பெண் எத்தனை தடவைதான் வெளியே போவாள்? போகட்டும்.

எங்கள் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பாத்திரம் முடிகிறதோ, கடைசி நாளன்று அவர்களுக்கு ஒரு கேக் வரும். பாத்திரத்தின் பெயரை அதில் கிரீமில் எழுதியிருப்பார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள், போகிறவர் அழுதுகொண்டே வெட்டுவார். இருபத்தாறு வருஷத்தில் அம்மா அப்படி நூறு கேக்காவது சாப்பிடாமல் ஒதுக்கியிருப்பாள். இடுப்பளவு முக்கியமாயிற்றே.

நேற்றுக் காலை ஒப்பனை அறைக்கு ஒரு பெட்டி வந்தது. ஒப்பனைக்காரி கன்சுவேலோ அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் மூலையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஒரே குஷி. "பாவம், இந்த வாரம் யாருக்கு நேரம் வந்துச்சோ! அந்த டாக்டர் பையனாத்தான் இருக்கும், அவனுக்கு வசனமே வர மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள்.

'போய் வா, எலினோர்' என்று இருந்தது.

அடுத்த வாரத்துக் கேக்கைக் கடைக்காரன் இந்த வாரமே கொண்டுவந்து வைத்துவிட்டான். அவளிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை, கதைத்தாளும் கைக்கு வரவில்லை. கன்சுவேலோ சீப்பைக் கீழே போட்டுவிட்டாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். இயக்குநர் ஃபிட்ச் மூச்சிரைக்க ஓடி வந்து, "வேலரி, மன்னிச்சிருங்க, பேக்கரிக்காரன் தேதியைத் தப்பாப் படிச்சுட்டான்" என்றார். அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்து, "தேதிதானே தப்பு? பேரு சரியாத்தானே எழுதியிருக்கான்" என்றாள். பிறகு கத்தியை வாங்கி எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். தான் இரண்டு துண்டு சாப்பிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, மில்லி.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் நேற்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பத்தொன்பது வயதில் நெப்ராஸ்காவிலிருந்து பஸ் ஏறி வந்தவள். வெர்னா குபிசெக் என்ற பெயர் விளம்பரப் பலகைக்கு ஆகாது என்று வேலரி கென்ட் ஆக்கினார்கள். முன்பல் இரண்டைப் பிடுங்கினார்கள், தலைமயிரை இரண்டு தடவை நிறம் மாற்றினார்கள். பதினோரு படம். அதில் ஒன்பதில் யாருக்கோ கதவு திறந்துவிடுகிற வேலை. ஒரு யுத்தப் படத்தில் மட்டும் நர்ஸ் வேஷம், முழுசாக நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷத்துக்கு விளக்குக் கட்டியவன் நான். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். பிறகு டெலிவிஷனில் கௌபாய் கதைகள். கொள்ளைக்காரன் சுட்டு மூன்று தடவை செத்தாள். உனக்கு ஏழு வயதாகும்போது இந்தத் தொடர் வந்தது. எலினோர் ஐந்து கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு தடவை ஜெயிலுக்குப் போனாள். இரண்டு தடவை ஞாபகம் மொத்தமாகப் போய், இரண்டு தடவையும் பத்து வாரத்தில் திரும்பி வந்தது.

நம் வீட்டில் அந்த வசதி இல்லை. அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று வசந்தகாலத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தளத்துக்கு நான் சும்மா துணைக்குப் போகவில்லை. ஏப்ரலிலிருந்து கேமராவுக்குக் கீழே மண்டி போட்டு அவளுக்கு வசன அட்டை பிடிக்கிறேன். மேசையில் காபிக் கோப்பை இருந்தால் சாஸரில் ஒரு வரி ஒட்டியிருப்போம். கைக்குட்டையில் இன்னொரு வரி. ஒரே மூச்சில் இருபது பக்கத்தைச் சொன்னவள் அவள். நேற்று கேக் சாப்பிட்டு முடித்த பிறகு ஃபிட்ச் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், "வெண்டல், எங்களால முடிஞ்ச வரைக்கும் இழுத்துட்டோம். உங்களுக்கே தெரியும்" என்றார். அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் எனக்குத்தான் தெரியுமே.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, நன்றி சொல்லும் திருநாளுக்கு மில்லி வருகிறாளா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். சூப் சூடாக்கிக்கொண்டே மறுபடியும் அதையே கேட்டாள். முதல் தடவை கேட்டது அவளுக்கு நினைவில்லை. நீ ஏழு வருஷமாக வரவில்லை என்பதும் நினைவில்லை.

உன் கோபம் நியாயமானது. உன் கல்யாணத்தன்று அவள் தொடரில் தன் மகளாக வரும் அந்தக் கேசாண்ட்ராவின் கல்யாணத்தில் நின்றுகொண்டிருந்தாள். பொய்க் கல்யாணம், பொய்ப் பாதிரியார். படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போய், நம் தேவாலயத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஆட்கள் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். "உனக்கு டிவியில இருக்கிறவதான் பொண்ணு, அவளையே வச்சுக்கோ" என்று நீ சொன்னதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நீ கோபித்துக்கொள்கிற ஆள் இன்னும் எத்தனை நாள் இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு.

உன் அப்பா,
வெண்டல்


பர்பேங்க்
செப்டம்பர் 27, 1987

அன்புள்ள மில்லி,

நீ கூப்பிடவில்லை. கடிதம் போய்ச் சேரத் தாமதமாகியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதுவதை மட்டும் தயவுசெய்து கடைசி வரை படி. வெள்ளிக்கிழமை அங்கே நடந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

எலினோருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். கேசாண்ட்ரா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள, எலினோர் ஆறு வரி சொல்லிவிட்டுக் கண்ணை மூட வேண்டும். அந்த ஆறு வரியையும் நான் அட்டையில் எழுதியிருந்தேன். 'கேசாண்ட்ரா' என்ற முதல் சொல் உள்ளங்கை அகலத்தில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் நானே படித்துவிடலாம். அன்று காலையிலிருந்து அம்மா தெளிவாகத்தான் இருந்தாள். கன்சுவேலோவைப் பார்த்து, "செத்தவளுக்கு எதுக்குடி இவ்வளவு பவுடர்?" என்று கேலிகூடச் செய்தாள்.

விளக்கு எரிந்தது. எல்லோரும் அமைதியானார்கள். அம்மா அட்டையைப் பார்த்தாள். பிறகு அட்டைக்கு மேலே என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "மில்லி, உன் கல்யாணத்துக்கு நான் வரலை. வந்தேன், ஆனா எல்லாம் முடிஞ்ச பிறகு வந்தேன். நாற்காலியெல்லாம் மடிச்சிட்டாங்க. நீ கார்ல ஏறிட்டிருந்த. உன் கவுன்ல பின்னாடி ஒரு பொத்தான் போடாம இருந்துச்சு. ஓடி வந்து போட்டுவிடணும்னு பார்த்தேன், கூச்சமா இருந்துச்சு."

எனக்கு அட்டை கையிலிருந்து நழுவிவிட்டது. மில்லி, நாங்கள் எழுதிய ஆறு வரியில் இது எதுவுமே இல்லை. அந்தப் பொத்தானைப் பற்றி ஏழு வருஷத்தில் என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. கேசாண்ட்ராவாக நடிக்கிற பெண்ணும் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கெட்டிக்காரி, கையை விடாமல், "பரவாயில்லம்மா" என்று சொல்லிக் குனிந்துகொண்டாள். அம்மா கண்ணை மூடினாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கமான கைதட்டல்கூட இல்லை.

கடைசியில் ஃபிட்ச் மெதுவாகக் கட்டிலருகே வந்து, இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டார். அம்மா எழுந்து உட்கார்ந்து, "எதுக்கு? நான் என்ன தப்பாச் சொன்னேன்?" என்றாள். ஃபிட்ச் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல வேலரி, சரியாத்தான் சொன்னீங்க" என்றார். அந்த மனுஷனைத் திட்ட நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

மறந்துபோய்ச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. அட்டையைப் பார்த்தாள் என்பது மட்டும் நிச்சயம். அதில் உன் பெயர் இல்லை என்பதும் நிச்சயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்டால் உனக்குக் கோபம் வரும். அந்தக் காட்சியை அப்படியே ஒளிபரப்பப் போகிறார்கள். பார்க்கிறவர்கள் குழம்பக் கூடாது என்று கதை எழுதுகிறவர்கள் அடுத்த பகுதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். மில்லி என்பது கேசாண்ட்ராவின் செல்லப் பெயராம், சின்ன வயதில் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாளாம். உன் அம்மாவை இருபத்தாறு வருஷம் எடுத்துக்கொண்டார்கள், இப்போது உன் பெயரையும் எடுத்து அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். நான் சம்மதிக்க மாட்டேன் என்று கத்தினேன். அம்மாதான் என் கையைப் பிடித்து, "விடுங்க, மில்லி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா, அவ நல்ல பொண்ணு" என்றாள்.

அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை மதியம். அங்கே எத்தனை மணிக்கு வரும் என்று பார்த்துக்கொள். நீ பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து பார். பார்க்க மனம் வராவிட்டால் பார்க்காதே, ஆனால் வா.

அம்மா இப்போது தோட்டத்தில் இருக்கிறாள். ஜன்னல் வழியாகத் தெரிகிறாள். ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டு முடித்துவிட்டு, மறுபடி முதல் செடியிலிருந்து விட்டுக்கொண்டு வருகிறாள். இன்று காலை என்னை வெண்டல் என்றுதான் கூப்பிட்டாள். உன் படத்தைக் காட்டினால் இன்னும் பெயர் சொல்கிறாள்.

நீயும் உன் கணவனும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பொத்தான் உள்ள ஏதாவது உடுப்பு போட்டுக்கொண்டு வா, மகளே. பின்னால் ஒன்றைப் போடாமல் விட்டுவிடு.

உன் அப்பா,
வெண்டல்