தாழ்ப்பாள் பக்கத்து மூலை

ஜூன் 2, திங்கள்

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, நடை மட்டும் வாக்கரோடுதான். வாக்கர் நுழையக் குளியலறை வாசலை அகலப்படுத்தியாயிற்று. புதுக் கதவுதான் இல்லை. தச்சர் ‘நாளைக்கு’ என்று சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிறார். இப்போதைக்கு ஒரு போர்வை தொங்குகிறது.

அத்தை சொல்லிவிட்டார்: “உள்ள போனா நானே தாழ்ப்பாள் போட்டுக்கணும். அது முடியாதுன்னா ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன்.”

நாத்தனார் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஏற்றிவிட்டால் அத்தை அப்புறம் இறங்கவே மாட்டார். அவர் போவதில் எனக்கு இஷ்டமில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல ஏன் வரமாட்டேன் என்கிறது?

ஜூன் 3, செவ்வாய்

கதவை நானே செய்துவிட்டேன். ஆறாம் வகுப்புக்குச் செவ்வகம் நடத்துகிறவளுக்கு ஒரு கதவு வராதா? நான்கு சட்டம், நடுவே நெட்டுக்குப் பலகைகள். எதிரெதிர்ப் பக்கங்கள் நூல் பிசகாமல் சமம். மாட்டினேன், மூடிற்று. தலைகால் புரியவில்லை.

ஜூன் 4, புதன்

கீழே உரசுகிறது. புதுக் கதவு அப்படித்தான் இருக்கும்.

— அப்படியா?

ஜூன் 5, வியாழன்

அத்தை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். திரும்ப நீக்கியும் கதவு வரவில்லை. கீழ்மூலை தரையைக் கவ்விக்கொண்டது. இழுக்கிறேன், உலுக்குகிறேன். உள்ளே சத்தமே இல்லை.

“அத்தை, ஏதாவது பேசுங்க.”

“என்னத்தப் பேச. நிக்க முடியல.”

கடப்பாரையால் நெம்பித்தான் திறந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே, “பெட்டியக் கட்டு” என்றார்.

லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். “தச்சர்கிட்டயே விட்டிருக்கலாம்ல?” பற்றிக்கொண்டு வந்தது. வைத்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

வகுப்பில் கோணங்கள். நான்கு அட்டைப் பட்டைகளை மூலைக்கொரு ஊசியால் கோத்து, “நாலும் செங்கோணம்” என்று தூக்கிக் காட்டினேன். கையிலேயே சாய்ந்தது. பக்கங்கள் அதே நீளம்தான். ஆனால் இரண்டு மூலை குறுங்கோணம், இரண்டு மூலை விரிகோணம் — செவ்வகம் போய் இணைகரம்.

என் கதவு.

பக்கம் சமமா இருந்தா போதாது, கோணத்தப் பாருங்கன்னு வருஷாவருஷம் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறவ நான்தானே? வீட்ல மட்டும் புத்தி எங்க மேயப் போச்சு?

சாயங்காலம் கதவு மூலையில் பாகைமானியை வைத்தேன். எண்பத்தேழு. பக்கத்து மூலை தொண்ணூற்று மூன்று. கீழே ஆப்பு வைத்துத் தொண்ணூறு வரும்வரை தூக்கி, கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்குக் குறுக்கே ஒரு சட்டம் அடித்தேன். இப்போது இரண்டு செங்கோண முக்கோணங்கள். முக்கோணம் சாயாது. தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “பெட்டி கட்டியாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 7, சனி

கட்டினேன். அழுகையாக வந்தது. அத்தை அந்தக் கதவை மூடுவதே இல்லை, மறுபடி போர்வைதான்.

ஜூன் 8, ஞாயிறு

நாத்தனார் அனுப்பிய கார் காலையிலேயே வந்துவிட்டது. பெட்டியை வாசலில் வைத்தேன். கிளம்புமுன் முகம் கழுவ வேண்டும் என்று அத்தை உள்ளே போனார். கதவை மூடினார். தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை. கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

டக். போட்டார். உடனே நீக்கினார். கதவு விரலகலம் திறந்தது, உரசாமல். மறுபடி மூடிற்று. மறுபடி டக். தண்ணீர் விழும் சத்தம்.

“அங்கயே நிக்காத. எனக்கு நேரமாகும்.” கொஞ்சம் கழித்து, “டிரைவருக்கு டீ குடுத்து அனுப்பு.”

“பெட்டி, அத்தை?”

“அது என் பெட்டி. உள்ள கொண்டாந்து வை.”