ஓவர்பர்டன் என்றால் மண்

அன்புக்கரசி, கிட்டே வாம்மா. ஷிஃப்ட் முடிந்த களைப்பில் சோறு போட்டுக்கொள்வதற்கு முன்னால் ஒரு கதை கேள்.

சுரங்கத்தில் இன்ஜினியராக இருக்கும் ஒரு மருமகள் எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டாள். முதல் கல்லூரி கைவிரித்தது. இரண்டாவது கல்லூரி இண்டர்வியூவில், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "தினமும் ஓவர்பர்டன்தான் சார்" என்றாள். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணுக்கு நம் ஊரில் அதுதானே பேர்! அவர்களோ வீட்டுப் பாரம் என்று நினைத்து, "பாவம், இவ்வளவு சுமையோடு எப்படிப் படிப்பீர்கள்?" என்றார்கள். அவள் திணறினாள், இடம் போனது.

நேற்று அதைச் சொல்லி அழுதபோது மாமியார் சிரித்துவிட்டாள். "நான் அழுதுகினு இருக்கேன், உங்களுக்குச் சிரிப்பா இருக்குதா அத்த? நாளைக்கு அடுத்த காலேஜ் இண்டர்வியூல நான் உக்காரவே மாட்டேன்!" என்று மருமகள் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் சிரித்தது அவளைப் பார்த்து இல்லை. அவ்வளவு படித்தவர்களுக்கு மண் தெரியவில்லையே என்றுதான். ஆனாலும் அழுகிறவள் எதிரில் சிரித்தது தப்பு.

அதனால் இன்று மாமியார் பேரனைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடி பஸ் ஏறிவிட்டாள். குவார்ட்டர்ஸ் சத்தமில்லாமல் இருக்கும். காலிங் பெல் ஒயரையும் பிடுங்கியாயிற்று. சிலிண்டர் வந்தால் எதிர் வீட்டுப் பார்வதி வாங்கி வைப்பாள். பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால். நீலப் புடவை இஸ்திரி போட்டு இருக்கிறது.

நாலு மணிக்கு மருமகள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள், கேட்டதற்கெல்லாம் பட்டுப்பட்டென்று பதில் சொன்னாள். கதை அப்படித்தான் போகும். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

சொல்ல மறந்தேன்: காரக்குழம்பில் உப்பு குறைவு, போட்டுக்கொள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீயும் மதிவாணனும் பிள்ளையும் வயிறும் மனசும் நிறைந்து வாழுங்கள், தாயே.

அத்தை